கார் கழுவுதலில் ஒரு வினா

கார் கழுவுவதைப் பற்றி ஒரு காலாண்டிதழில் எழுதுவதா என்று வாசக அன்பர்கள் வியக்கக்கூடும். எமக்கும் தொடக்கத்தில் அந்தத் தயக்கம் இருந்தது. விரதங்களைப் பற்றியும் வினைகளைப் பற்றியும் ஆன்றோர் எழுதும் பக்கங்களில் வாளியும் துணியும் இடம்பெறுவது பொருந்துமோ என்று எண்ணினோம். எனினும், சில ஆண்டுகளாக எம் இல்லத்து வாயிலில் ஞாயிறுதோறும் நிகழ்ந்துவரும் இந்தச் சிறு வேலை, எம் பணிக்காலம் முழுவதும் விடை காணாது விட்டுவைத்த ஒரு வினாவை மீண்டும் எம்முன் நிறுத்திவிட்டது. ஒரு செயலைத் திறம்படச் செய்தல் என்றால் என்ன? எதனைக் குறைத்தால் அது திறமை எனப்படும்? நேரத்தையா, நீரையா, உடலுழைப்பையா, பிற உயிர்களுக்கு நேரும் ஊறையா?

எம் பெயரன் பொறியியல் பயில்கிறான். தந்தையின் காரைக் கழுவும் பொறுப்பை அவன் தானாகவே ஏற்றுக்கொண்டான். அதில் எமக்கு மகிழ்ச்சியே. முதற்கண் அவன் கண்ட முறை மிக எளியது. ரப்பர் குழாயைத் திறந்து வண்டி முழுவதும் பீய்ச்சுவான், பாத்திரம் துலக்கும் திரவத்தை நுரைக்கத் தேய்ப்பான், மீண்டும் பீய்ச்சுவான், ஒரு பழைய பனியனால் துடைப்பான். பதினெட்டு நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். "பாட்டி, இதைவிடச் சீக்கிரமா யாராலும் முடிக்க முடியாது" என்று பெருமிதத்துடன் கூறுவான்.

ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு அளந்து பார்க்கும் பழக்கம் எளிதில் விடுவதில்லை. ஒரு நாள் அவன் இல்லாத நேரத்தில் அதே குழாயின் கீழ் 15 லிட்டர் வாளியை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தோம். எழுபது நொடிகளில் வாளி நிரம்பியது. அவனோ நுரை தேய்க்கும் நேரத்திலும் குழாயை மூடாமல் தரையில் போட்டுவிடுவான். ஆகவே பதினெட்டு நிமிடங்களுக்கு ஏறத்தாழ 230 லிட்டர், அதாவது பதினைந்து வாளிக்கும் சற்று மேல். இக்கணக்கை ஒரு தாளில் எழுதி அவன் மேசைமீது வைத்தோம். அவன் நம்பவில்லை, தானே அளந்து பார்த்தான், பின்னர் ஒன்றும் பேசவில்லை.

சென்னையில் வாழ்வோர்க்கு 2019ஆம் ஆண்டின் கோடை மறந்திராது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோயின. எம் தெருவில் லாரி வரும் ஓசை கேட்டதும் பச்சையும் நீலமும் சிவப்புமான பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டும். அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது தொட்டிப் பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு முதல் தொடர்வண்டி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்த நீரை எம் பெயரனின் கணக்கால் வகுத்துப் பார்த்தோம். ஒரு நகரமே எதிர்பார்த்திருந்த அந்தத் தொடர்வண்டியின் நீர் முழுவதும் சுமார் 10,800 கார்களை ஒரே ஒரு முறை கழுவுவதற்குத்தான் போதும்.

நீர் எங்கிருந்து வருகிறது என்பது ஒரு பாதி. எங்குச் செல்கிறது என்பது மறுபாதி. இம்மறுபாதியை யாம் நெடுநாள் எண்ணிப் பார்த்ததில்லை. 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டபோது, எம் வீட்டு வாயிற்கதவின் ஓரமாகக் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டி, அதன்மேல் இரும்புச் சட்டம் பதித்து, உள்ளே உறிஞ்சு குழி அமைத்தோம். வாசலில் விழும் மழைநீர் தெருவுக்கு ஓடாமல் நிலத்துள் இறங்கும் நல்ல ஏற்பாடு அது. கார் நிற்பதும் அதே வாசலில்தான். நுரையும், எண்ணெய்ப் பிசுக்கும், சக்கரத்தின் கரிய தூளும் கலந்த நீர் வாரந்தோறும் அதே சட்டத்தின் வழியே அதே குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அக்குழியிலிருந்து பத்தடி தொலைவில் எம் கிணறு. மழைக்கென்று திறந்த வாயிலின் வழியே வாரந்தோறும் அழுக்கை அனுப்பியிருக்கிறோம்; அதற்குப் பெயர் தூய்மை என்றும் எண்ணியிருக்கிறோம்.

இதற்கிடையே ஒரு ஞாயிறன்று, மதிற்சுவரின் அடியில் வெண்ணிற முட்டைகளைக் கவ்வியபடி ஊர்ந்துகொண்டிருந்த எறும்பு வரிசையின் மீது குழாய் நீர் பாய்ந்தது. யாம் கூவுவதற்குள் வரிசை கலைந்து, எறும்புகளும் முட்டைகளும் இரும்புச் சட்டத்தின் இடுக்குகளில் மறைந்தன. பெயரன் முகம் வாடிவிட்டது. "தெரியாம நடந்துடுச்சு பாட்டி" என்றான். அவன் சொன்னது உண்மை. கொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவனிடம் கடுகளவும் இல்லை. அவ்வாறாயின் குற்றம் எங்கே இருக்கிறது?

இவ்வினாவுக்கு நம் முன்னோர் தந்த விடையை அன்பர்கள் அறிவீர்கள். தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி கொலையை வரையறுக்கும்போது, உயிர் போதலை மட்டும் கூறி நிறுத்தவில்லை. அதற்கு முன்பாகவே கவனமின்மையை வைத்தார். உயிர் போயிற்றா என்பதினும், விழிப்பின்றிச் செய்தோமா என்பதே அங்கு முதல் வினா. இல்லறத்தார்க்கு விதித்த குணவிரதங்களில் அனர்த்த தண்ட விரதம் என்ற ஒன்று உண்டு. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகத்திலும் அதன் வழியே தமிழில் எழுந்த அருங்கலச்செப்பிலும் அது விளக்கப்பட்டுள்ளது. பயன் ஏதுமின்றி நீரைச் செலவழித்தலும் அவ்விரதத்திற்கு மாறான செயலாகவே கருதப்படும். 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பெங்களூரில் நீர்ப்பற்றாக்குறை மிகுந்தபோது, குடிநீரால் வாகனங்களைக் கழுவக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் தண்டம் என்று அந்நகரக் குடிநீர் வாரியம் அறிவித்தது. அச்செய்தியைப் படித்த அன்று, இவ்விரு தண்டங்களையும் ஒருங்கே எண்ணி யாம் சிறிது நகைத்துக்கொண்டோம். முன்னதை வசூலிக்க ஆள் வரமாட்டார். அதனாலேயே அது மறந்துபோகிறது.

சரி, கார் கழுவப்படத்தான் வேண்டுமா? முற்றும் துறந்தோர்க்குக் காரே வேண்டா; நாம் அத்தகையோர் அல்லர். கண்ணாடிகளும் விளக்குகளும் அழுக்கின்றி இருத்தல் சாலையில் நடப்போரின் உயிரைப் பற்றியது; அதனை நாள்தோறும் செய்ய வேண்டும், ஒரு குவளை நீர் போதும். மழைக்காலத்தில் சக்கர வளைவின் உட்புறம் ஒட்டிய சேறு ஈரத்தைப் பிடித்துவைத்துத் தகட்டைத் துருவேற்றும். கடலோர நகரில் உப்புக்காற்று அதற்குத் துணைபோகும். பறவை எச்சம் வெயிலில் காய்ந்தால் வண்ணப் பூச்சை அரித்துவிடும். பத்தாண்டு உழைக்க வேண்டிய வண்டியை ஆறாண்டில் பாழாக்கி வேறொன்று வாங்குவதும் அறமாகாது. ஒரு புதிய கார் உருவாவதற்குத் தோண்டப்படும் மண்ணையும் மூட்டப்படும் நெருப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இவை தேவைகள். இவற்றுக்கு மேல் அந்தப் பளபளப்பு இருக்கிறதே, அது ஆசை. அவ்வாசை எமக்கும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. பள்ளியில் பணியாற்றிய காலத்தில், மாணவிகளுடன் சேர்ந்து கோவை இலையும் கரியும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசிவிட்டு, அது மின்னுவதைத் தொலைவில் நின்று பார்த்து மகிழ்ந்தவர்கள்தாமே யாம்.

பெயரனும் யாமுமாக அமர்ந்து ஒரு முறையை வகுத்தோம். அதற்கு நான்கைந்து வாரங்கள் பிடித்தன. இதைப் படிக்கும் இல்லங்களில் எவர்க்கேனும் பயன்படலாம் என்பதால் சற்று விரித்தே எழுதுகிறோம்.

வெயில் ஏறுமுன் அல்லது தாழ்ந்தபின் கழுவுதல் நன்று. முன்மூடியைக் கையால் தொட்டால் சூடு தெரியக் கூடாது. சூடான தகட்டில் சோப்பு நீர் உடனே உலர்ந்து திட்டுத்திட்டாக நிற்கும், அதைப் போக்க மீண்டும் நீர் செலவாகும். முதலில் நீரே இல்லாத வேலைகள். கால்மிதிகளை எடுத்து உதற வேண்டும். முன்கண்ணாடியின் அடியில், துடைப்பான்கள் படிந்திருக்கும் பள்ளத்தில் சேர்ந்த இலைச்சருகுகளைக் கையால் அள்ளிவிட வேண்டும். அவை அடைத்துக்கொண்டால் மழைநீர் வடியாது. அதன்பின் நேரே துணியை எடுத்துத் தேய்ப்பதுதான் பலரும் செய்யும் பிழை. வண்டியின் மேலுள்ள தூசி மணல்தான். உலர்ந்த மணலைத் துணியால் தேய்த்தால் அது உப்புத்தாள் போலப் பூச்சைக் கீறும். ஆகவே ஒரு பூவாளியில் மூன்று லிட்டர் நீரெடுத்து மேற்கூரையிலிருந்து மெல்லத் தூவி, தூசி ஊறும்படி இரண்டு மூன்று நிமிடங்கள் விட்டுவைப்போம். எச்சம் படிந்த இடத்தில் ஈரத்துணியைப் போர்த்தி வைத்தால், தேய்க்காமலே இளகி வந்துவிடும்.

பின்னர் இரண்டு வாளிகள். ஒன்றில் பத்து லிட்டர் நீரில் வண்டிக்கென்று விற்கும் ஷாம்பு சிறிதளவு. மற்றொன்றில் பத்து லிட்டர் வெறும் நீர். பாத்திரம் துலக்கும் திரவம் பூச்சின் மேலுள்ள மெழுகையும் அகற்றிவிடுமாதலால் அதைக் கைவிட்டோம். மென்மையான துணியை நான்காக மடித்தால் முன்னும் பின்னுமாகப் பல முகங்கள் கிடைக்கும். ஒரு பகுதிக்கு ஒரு முகம். கூரை, கண்ணாடிகள், முன்மூடி, பின்மூடி, பக்கவாட்டின் மேற்பாதி, இறுதியில் சேறு மிகுந்த கீழ்ப்பாதி என்று மேலிருந்து கீழாக வர வேண்டும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியை வெறும் நீர் வாளியில் அலசிப் பிழிந்த பிறகே ஷாம்பு வாளியில் நனைக்க வேண்டும். மணல் அலசும் வாளியின் அடியில் தங்கிவிடும். துணியோடு வண்டிக்குத் திரும்பி வராது.

இந்த இரண்டு வாளி முறையைப் பெயரன் எங்கோ கற்று வந்து புதுமையாக விளக்கினான். எமக்கோ அது வந்தவாசிப் பக்கத்து எம் சிற்றூரில், எம் அன்னையார் கிணற்றங்கரையில் நீர் வடிகட்டிய காட்சியை நினைவூட்டியது. இரட்டையாக மடித்த வெள்ளைத் துணியைக் குடத்தின் வாயில் கட்டி நீரை வார்ப்பார். அத்துடன் வேலை முடியாது. துணியைத் தலைகீழாகத் திருப்பி, வடிகட்டிய நீரையே அதன்மேல் ஊற்றி, துணியில் தங்கிய நுண்ணுயிர்கள் யாவும் எடுத்த கிணற்றுக்கே மெல்லச் சென்றடையுமாறு செய்வார். நீரைத் தூய்மை செய்வதில் பாதி, எடுத்துக்கொள்வது; மற்றொரு பாதி, திருப்பிச் சேர்ப்பது. துணியைத் திருப்ப மறந்த சிறுமியாகிய யாம் பெற்ற வசவுகள் இன்றும் காதில் ஒலிக்கின்றன.

கடைசியாக எட்டு லிட்டர் தூய நீரில் வேறொரு துணியை நனைத்துச் சோப்பைத் துடைத்தெடுத்து, உலர்ந்த துணியால் ஒற்றியெடுப்போம். சக்கரங்களுக்குத் தனி நீர் இல்லை. அலசிய வாளியின் அடிமணலை இறுத்துவிட்டு எஞ்சிய நீரே அவற்றுக்கு. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் சக்கரத்தில் படிந்திருக்குமாதலால் அதற்குரிய துணியையும் தூரிகையையும் வண்டியின் உடல்மீது ஒருபோதும் படவிடுவதில்லை. மொத்தம் 31 லிட்டர். நேரம் முப்பத்தைந்து நிமிடங்கள். ஷாம்பு மாதம் ஒரு முறைதான். மற்ற ஞாயிறுகளில் வெறும் நீரே போதுமானதாக இருக்கிறது. ஷாம்பு நாளில் வண்டியைச் சற்று முன்னே நகர்த்தி, இரும்புச் சட்டத்தின்மீது சாக்கு மூடி, அழுக்கு நீரை வாளியில் சேர்த்துக் கழிவறையின் வழியே கழிவுநீர்க் குழாய்க்கு அனுப்புகிறோம். செடிகளுக்கு ஊற்றலாமே என்று மருமகள் கேட்டாள். எண்ணெயும் இரும்புத் தூளும் கலந்த நீரைச் செம்பருத்திக்கு ஊட்ட எமக்கு மனம் வரவில்லை.

நேரம் இருமடங்காயிற்று, நீர் ஏழில் ஒரு பங்காகக் குறைந்தது. இதனைத் திறமை என்று ஒப்புக்கொள்ளப் பெயரனுக்குச் சில வாரங்கள் ஆயின.

ஆயினும் எம் கணக்கிலும் ஓர் ஓட்டை இருந்தது. அதைக் காட்டியவர், எம் தெருவில் பதினொரு வீடுகளின் கார்களை விடியற்காலையில் துடைத்துச் செல்லும் தொழிலாளர் ஒருவர். நீரின் அளவு ஒன்றையே நோக்கினால் தெருவில் அவரே முதல்வர். ஒரே வாளியில் மூன்று கார்களை முடித்துவிடுவார். துணி மட்டும் மணலேறிக் கருத்திருக்கும். அவரை நிறுத்தி, எம் இரண்டு வாளி முறையைப் பாடம் நடத்துவது போல விளக்கி, ஒரு புதிய வாளியையும் துணிகளையும் கொடுத்தோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கூறினார்: "அம்மா, பதினோரு வண்டிக்கும் ரெண்டு ரெண்டு வாளி தூக்கினா என் இடுப்பு என்னத்துக்கு ஆவும்?"

பதினைந்து லிட்டர் வாளி பதினைந்து கிலோ. இதைக் கணக்குப் பாடத்தில் எத்தனை முறை கற்பித்திருப்போம்! நீருக்கு நேரும் ஊறு, எறும்புக்கு நேரும் ஊறு, கிணற்றுக்கு நேரும் ஊறு எல்லாம் எம் தாளில் இடம்பெற்றன. எதிரில் நின்ற மனிதரின் இடுப்பு இடம்பெறவில்லை. மேலும் ஒன்று. பெயரன் தானே கழுவத் தொடங்கியபின், அவருக்கு மாதந்தோறும் கொடுத்துவந்த தொகையை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. எம் அறத்தின் செலவை அவர் ஏற்பதா என்று கேட்டோம். தொகை நிற்கவில்லை. வார நாட்களில் அவர் எம் வண்டியின் கண்ணாடிகளை மட்டும் துடைக்கிறார். வாயிலோரக் குழாயை எந்நேரமும் அவர் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கூறினோம். தொலைவிலிருந்து சுமக்கும் நடை குறைந்தது. துணிகளை ஏற்றுக்கொண்டார். இரண்டாம் வாளியைத் திருப்பித் தந்துவிட்டார். இதற்குமேல் என்ன செய்யலாம் என்பது எமக்கு இன்னும் புலப்படவில்லை.

இனி எம் பழைய வினாவுக்கு வருவோம். புதிய முறை பெயரனின் கைக்கு நன்கு பழகிவிட்டது. மூன்றாம் மாதத்தில் வாளியை நோக்காமலே துணியை அலசுவான்; காதில் பாட்டு ஒலிக்கக் கைகள் தாமே இயங்கும். ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில், முறைப்படி எல்லாம் முடித்து, முறைப்படி சக்கரத்தின் பின்புறமாக எஞ்சிய நீரை வீசி ஊற்றினான். அங்கே ஒரு தேரை ஒதுங்கியிருந்தது. அன்று ஷாம்பு நாள். தேரை துள்ளி ஓடிப் பிழைத்துக்கொண்டது என்றே நம்புகிறோம். எனினும், முறையற்ற குழாய் செய்ததையே முறையான வாளியும் செய்தது என்பதை யாம் இருவரும் கண்டோம்.

பழக்கத்தைப் பற்றி அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் பெருநூலில் தனி இயலே எழுதியுள்ளார். ஆசிரியர் பயிற்சி பெற்றோர் அவர் பெயரைக் கேளாதிருக்க மாட்டார்கள். அன்றாடச் சிறு செயல்களைப் பழக்கத்தின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டால் மனம் உயர்ந்த வேலைகளுக்கு விடுதலை பெறும் என்பது அவர் கருத்து. இது பெரும்பாலும் உண்மையே. எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு, எழுத்து பழகிய பின்பே கதையின் பொருளில் மனம் செல்லும். ஆனால் விடுதலை பெற்ற மனம் எங்குச் செல்கிறது என்பதைப் பழக்கம் தீர்மானிப்பதில்லை. அது தேரையிடமும் செல்லலாம், பாட்டிடமும் செல்லலாம்.

இதனை யாம் முதன்முதலாக உணர்ந்தது கார் கழுவும் இடத்தில் அன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு முன், பயிற்சி ஆசிரியையாக ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பிற்குப் பாடம் நடத்தினோம். ஜெர்மானியக் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் வழிவந்தோர் வகுத்த ஐந்து படிகளை மனப்பாடமாக அறிந்திருந்த காலம் அது: ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமையாக்கல், பயன்படுத்தல். 'மழை எவ்வாறு பெய்கிறது' என்பது பாடம். கொதிக்கும் கெண்டியும் குளிர்ந்த தட்டும் கொண்டுசென்று, படிதோறும் வினாக்கள் தொடுத்து, மணி அடிக்கவும் பாடம் முடியவும் சரியாக இருக்குமாறு நடத்தினோம். பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெழுதிய மேற்பார்வை ஆசிரியை பாராட்டுவார் என்று எதிர்பார்த்துக் குறிப்பேட்டைத் திறந்தோம். பாடத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூன்றாம் வரிசையில் ஒரு சிறுமி தொடக்கம் முதல் அழுதுகொண்டிருந்தாள், ஆசிரியை பார்க்கவில்லை என்று மட்டும் எழுதியிருந்தது.

அன்று எமக்கு வந்தது வெட்கம் அன்று, சினமே. ஐந்து படிகளையும் வழுவின்றி முடித்திருக்க, இது என்ன குறிப்பு என்று விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் உள்ளுக்குள் வாதாடினோம். அச்சிறுமி ஏன் அழுதாள் என்பதை மறுநாள் சென்று கேட்கவும் இல்லை. அவள் முகம் எமக்கு நினைவில் இல்லை. பார்க்காத முகம் எவ்வாறு நினைவில் நிற்கும்? பிற்காலத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றபோது, படிகள் வேண்டா என்று யாம் ஒருபோதும் எண்ணியதில்லை. படிகள் இல்லாத ஆசிரியரின் கண்களும் குழந்தையிடம் செல்வதில்லை; அடுத்து என்ன சொல்வது என்று தம்முள்ளேயே அவை தேடிக்கொண்டிருக்கும். யாம் செய்தது ஒன்றே. பாடக்குறிப்பின் நடுவில், ஒரு வரியை வெறுமையாக விட்டு, அவ்வரி வந்ததும் வாயை மூடிக்கொண்டு வகுப்பை ஒரு முறை முழுவதும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். மாணவிகள் அதற்கு 'டீச்சர் எண்ணும் நேரம்' என்று பெயரிட்டிருந்ததைப் பின்னர் அறிந்தோம்.

அதே வெற்று வரியைக் கார் கழுவுதலிலும் இடுவோம் என்று பெயரனிடம் கூறினோம். இரண்டு இடங்களில் கை நிற்க வேண்டும். நீரைத் தொடும் முன் ஒரு முறை வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து அடியிலும் சக்கரங்களின் பின்னும் பார்க்க வேண்டும். வாளியைக் கவிழ்க்கும் முன் கவிழ்க்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். முனிவர்க்கு விதித்த ஐந்து சமிதிகளில், ஒன்றை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பார்த்துச் செய்தல் ஒன்று. கழிப்பனவற்றை உயிர்களற்ற இடம் பார்த்துக் கழித்தல் மற்றொன்று. பெரியோர்க்கு உரியவற்றை வாளிக்கும் துணிக்கும் பொருத்துவது மிகையோ என்று ஒருகணம் தோன்றியது. பின்னர், வாளியைத் தவிர எமக்கு வேறென்ன இருக்கிறது என்றும் தோன்றியது.

இந்த நிறுத்தமும் பழகிப்போய்ப் பார்வையற்ற பார்வையாகிவிடாதா என்று பெயரன் கேட்டான். நல்ல வினா. ஆகிவிடும். எமக்கே வகுப்பறையில் பலமுறை ஆகியிருக்கிறது. வரிசையைப் பார்த்திருப்போம், ஒருவரையும் கண்டிருக்க மாட்டோம். அதற்காகத்தான், பார்த்ததில் ஏதேனும் ஒன்றை எமக்கு வந்து சொல்ல வேண்டும் என்று அவனிடம் கேட்டுக்கொண்டோம். ஒன்றும் இல்லை என்பதும் ஒரு விடையே. ஆனால் அதையும் வந்து சொல்ல வேண்டும். ஒரு வாரம் பூனைக்குட்டி. ஒரு வாரம் சக்கரத்தில் குத்திய ஆணி. அது அவன் தந்தையின் பயணத்தைக் காத்தது. பல வாரங்கள் ஒன்றும் இல்லை.

இரு வாரங்களுக்கு முன் அவன் வந்து சொன்னது, பின்புறத்து எண்பலகையின் மேல்விளிம்பில் ஒரு மண்கூடு. யாமும் சென்று பார்த்தோம். குளவி கட்டியது; விரற்கடையளவு இருந்தது. முன்னாளாயின் குழாய் நீரின் ஒரு வீச்சில் கரைந்து போயிருக்கும், எவரும் அறிந்திருக்க மாட்டோம். அதனுள் ஒரு முட்டையோ புழுவோ இருக்கும். அதற்கு உணவாகத் தாய்க்குளவி கொட்டி மயக்கிக் கொண்டுவந்து அடைத்த சிலந்திகளும் உயிரோடு அசைவற்றுக் கிடக்கும். இதைப் பெயரனுக்கு விளக்கியபோது, "அப்போ யாரைக் காப்பாத்தறோம் பாட்டி?" என்று கேட்டான். எம்மிடம் விடை இல்லை. உயிரியல் பாடத்தில் இதற்கு முன்பும் ஒரு மாணவி இதே வினாவைக் கேட்டதுண்டு, அன்றும் இருக்கவில்லை.

கூட்டைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தால் உடைந்துவிடும். வண்டியோ நாள்தோறும் அலுவலகம் சென்று வருகிறது. அந்த அதிர்வைக் கூடு இதுவரை தாங்கியிருக்கிறது. சில வாரங்களில் குளவி துளையிட்டு வெளியேறிவிடும் என்று அறிவோம். சென்ற ஞாயிறன்று எண்பலகையைச் சுற்றி ஒரு சாண் அளவு உலர்ந்தபடியே விட்டு, மற்றவற்றைக் கழுவினான். எண்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது போக்குவரத்து விதி ஆதலால், அவற்றை மட்டும் விரல் நுனியில் ஈரத்துணி சுற்றித் துடைத்தான். பளபளக்கும் வண்டியின் பின்புறத்தில் தூசி படிந்த அத்திட்டு ஒட்டுப்போட்டது போலத் தெரிகிறது. மகன் அதைக் கண்டு, "இது என்ன, பாதியில் விட்டுவிட்டானா?" என்று கேட்டான். பெயரன் அவனைக் கையைப் பற்றி அழைத்துச் சென்று குனியச் செய்தான்.